கம்புக்குப் பின்னால் வந்த பைக்

ஹாரன் அடிக்காதீங்க அண்ணாச்சி. அடிச்சா ரோடு அகலமாகிடுமா? கண்ணாடியை இறக்குங்க. ஏசியைப் போட்டுக்கிட்டு உள்ளேயிருந்து கையை ஆட்டினா எனக்கு என்ன கேக்கும்?

ஆமா, எதிர்ப்பக்கத்து வண்டியெல்லாம் போயாச்சு, கம்பும் வந்தாச்சு. என் கையிலதான் இருக்கு, பாருங்க. இப்பப் போச்சே ஜல்லி லாரி, அந்த டிரைவர்தான் கொடுத்துட்டுப் போனார். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் நிறுத்தி வச்சிருக்கேன். புகார் பண்ணணும்னா அந்த மஞ்சள் போர்டுல நம்பர் இருக்கு, பண்ணிக்கோங்க. ஏற்கனவே ரெண்டு புகார் கிடக்கு. கம்பு வந்த பிறகும் இந்தப் பிள்ளை வண்டியை விட மாட்டேங்குதுன்னு. மூணாவது வந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. போறேன். பிளஸ் ஒன்னை விட்டுட்டு வந்தவதானே, இதை விட்டுட்டுப் போறதுக்கு என்ன?

நீங்க இந்த ரோட்டுக்குப் புதுசு. கம்பைப் பார்த்த பார்வையிலேயே தெரியுது. ரொம்பச் சுலபம் அண்ணாச்சி. ரோட்டுல பாதியைத் தோண்டிப் போட்டாச்சு. மிச்சப் பாதியில ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். இங்கேயிருந்து அந்த முனைக்கு எழுநூறு மீட்டர். நடுவுல வளைவு, வளைவு முழுக்க முள்ளு உடைமரம், மறைச்சுக்கிட்டு நிக்கும். நான் அந்த முனையைப் பார்க்க முடியாது, அங்க நிக்கிறவங்க என்னைப் பார்க்க முடியாது. அதனால, நான் வண்டிகளை விட்டுட்டுக் கடைசி வண்டிக்காரர் கையில இந்தக் கம்பைக் கொடுப்பேன். அவர் அந்த முனையில கொடுத்துட்டுப் போவார். கம்பு கைக்கு வந்துட்டா உள்ள யாரும் இல்லைன்னு அர்த்தம். அப்பத்தான் அவங்க பக்கத்து வண்டியை விடணும். அப்புறம் அவங்க கடைசி வண்டியில கம்பு எனக்குத் திரும்பி வரும். ஒரு முழக் குச்சி, சிவப்பு டேப் சுத்தினது, அதுதான் எங்களுக்கு சிக்னல். லைட்டு வைக்கிறோம் வைக்கிறோம்னு கம்பெனியில சொல்லிக்கிட்டே இருக்காங்க. பஸ்காரங்களுக்கு நான் ஸ்டேஷன் மாஸ்டர். "ஏ ஸ்டேஷன் மாஸ்டரம்மா, ரயிலு எப்ப வரும்?"னு படிக்கட்டுல தொங்கிக்கிட்டே கேப்பாங்க. நானும் "உன் கல்யாணத்தன்னிக்கு"ன்னு சொல்லிருவேன்.

சரி, ஏன் விடலைன்னு கேக்கிறீங்க. லாரிக்காரர் கம்பை மட்டும் கொடுக்கலை. கேள்வி ஒண்ணும் கொடுத்தார். "ஏ பாப்பா, அந்தப் பக்கம் கொடி பிடிச்சு நிக்கிற அம்மா உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அன்னிக்குக் கம்பை யார் கையில கொடுத்தே? வேன்காரன் கையிலயா, பைக்காரன் கையிலயா? பதிலை உன் கடைசி வண்டியில சொல்லி அனுப்பணுமாம்"னு சொல்லிட்டு கியரைப் போட்டுப் போயிட்டார். அவருக்கு என்ன, ஜல்லியை இறக்கணும்.

இப்ப நான் வண்டிகளை விட்டேன்னா, கடைசி வண்டிக்காரன் கையில கம்போட பதிலையும் கொடுக்கணும். அதான் விடலை. புரிஞ்சுதா? வண்டியை ஆஃப் பண்ணுங்க, பெட்ரோல் வீணா எரியுது.

அந்த அம்மா பேரு தங்கபுஷ்பம். அது வீட்டுக்காரர் பலவேசம் அண்ணன் இந்த ரோட்டுலதான் செத்தார். ஒரு மாசம் பத்து நாளாச்சு. கோன் வைக்கிற வேலை அவருக்கு. ஆரஞ்சு கலர்ல கூம்பு மாதிரி நிக்குதுல்ல, அதுதான் கோன். காலையில வரிசையா வச்சு, மணல் மூட்டையை மேல போட்டு, காத்துல விழுந்தா நிமிர்த்தி, சாயங்காலம் எடுத்து அடுக்கி, அவ்வளவுதான். இதைப் போய் அவர் கோயில் வேலை மாதிரி செய்வார். ஆடிக் காத்து அடிக்கும் பாருங்க, ஒரு கோன் அரை அடி நகர்ந்தாலும் பின்னாலேயே ஓடுவார். வேலை நடக்கிற இடத்துக்கு முன்னால முப்பது மீட்டர் சும்மா விட்டுத்தான் வரிசையை ஆரம்பிப்பார். எதுக்குண்ணே இவ்வளவு இடம்னு கேட்டா, "ஏட்டி கனி, டிரைவருக்குத் தப்பு பண்ண இடம் வேணும்லா. அவன் தப்பு பண்ணி முடிச்சுத்தான் நம்மகிட்ட வரணும்"பார். நான் சிரிப்பேன். சூப்பர்வைசர் வந்து வண்டி நெரிசல் ஆகுது, வரிசையைச் சுருக்குன்னு சொல்லுவார். இவர் சுருக்குவார். அவர் போனதும் மறுபடி நீட்டுவார். அன்னிக்கு சூப்பர்வைசர் போகலை. அங்கேயே ஜீப்பை நிறுத்தி உக்காந்திருந்தார். அதனால அன்னிக்கு முப்பது மீட்டர் இல்லை, எட்டு மீட்டர்தான் இருந்தது. இதையும் கணக்குல சேக்கணும்ல? யாரும் சேக்கலை.

நான் எதையும் மறைக்கிற ஆள் கிடையாது அண்ணாச்சி. முகத்துக்கு நேரா சொல்லிருவேன். கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்ட "நீங்க புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறதை நான் வீட்டுலயே வாசிச்சுக்குவேன்"னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அப்படிப்பட்டவ நான். அதனால நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன், கேளுங்க.

அப்ப அந்த முனையில நின்னது தங்கபுஷ்பம் அக்கா இல்லை. அருளப்பன் அண்ணன். நல்ல மனுஷன்தான். கொஞ்சம் சோம்பேறி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பைக்கை நாங்க கணக்குல வைக்கிறது இல்லை. கம்பு போன பிறகு ஒரு பைக்காரன் வந்து "அக்கா, அக்கா, ஓடிருதேன்"னா விட்டுருவோம். விட்டுட்டு வாக்கிடாக்கியில "பின்னால பைக் ஒண்ணு"ன்னு சொல்லிருவோம். எதிர்ப்பக்கம் அந்த பைக் வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க. நான் மட்டும் இல்லை, அவரும் இப்படித்தான். எல்லா ரோட்டுலயும் இப்படித்தான். பைக்கெல்லாம் ஒரு வண்டியா? சும்மா ஓரமா சொருகிக்கிட்டுப் போயிரும்.

அன்னிக்கு மத்தியானம் பதினொண்ணே முக்கால். கடைசியா ஒரு மீன் வேன், நீலக் கலரு. கம்பை அந்த டிரைவர் கையில கொடுத்தேன். "நாத்தத்தோட பத்திரமா கொண்டு போங்க"ன்னேன். அவன் சிரிச்சான். வேன் போயிருச்சு. வளைவு திரும்பி மறைஞ்சுருச்சு. நான் சிவப்புக் கொடியைத் தூக்கிட்டேன். எல்லாம் சரி.

அப்ப ஒரு பைக்காரன் வந்தான். முன்னாடி டேங்க் மேல ஒரு அட்டைப்பெட்டி. வயசு நாப்பது இருக்கும். "பாப்பா, அந்த வேனைத்தான் பிடிக்கணும், போன் எடுக்க மாட்டேங்கான்"னான். கெஞ்சினான்னுகூடச் சொல்ல முடியாது. சாதாரணமா சொன்னான். நான் கொடியைக் கொஞ்சம் சாய்ச்சேன். அவ்வளவுதான். ஒரு ஜாண் சாய்ச்சிருப்பேன். அவன் போயிட்டான்.

வாக்கிடாக்கியா? அதுல சார்ஜ் இல்லை. கம்பெனி மேல தப்பு. ரெண்டு வாக்கிடாக்கிக்கு ஒரே ஒரு சார்ஜர் கொடுத்தா என்ன செய்ய? கன்டெய்னர் ஆபீஸ்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்டு. அன்னிக்குக் காலையில அதுல என் போன் கிடந்தது. அதனால என்ன? போனுக்கும் சார்ஜ் போடத்தானே வேணும். ஒரு நாளுக்கு என்ன ஆகிறப் போகுதுன்னு யாரும் நினைப்பாங்க. நீங்களும்தான் நினைப்பீங்க. உங்க பின் சீட் பெல்ட்டை மடக்கிச் சீட்டுக்கு அடியில சொருகி வச்சிருக்கீங்களே, நான் பார்க்கலையா?

என்ன நடந்துச்சுன்னு நான் பார்க்கலை. இங்கேயிருந்து பார்க்க முடியாதுன்னு சொன்னேன்ல. கேட்டேன். வேன் அருளப்பன் அண்ணன் கையில கம்பைக் கொடுத்துட்டுப் போயிருச்சு. அவர் கம்பு வந்துருச்சுன்னு அந்தப் பக்கத்து வண்டியை விட்டுட்டார். முதல் வண்டி சிமெண்ட் லாரி. வளைவுல எதிர்க்க பைக். லாரிக்காரன் ஸ்டியரிங்கை ஒடிச்சான். ஒடிச்ச பக்கம் கோன். கோனுக்கு அந்தப் பக்கம் பலவேசம் அண்ணன் முதுகைக் காட்டிக்கிட்டுக் குத்த வச்சு, விழுந்த கோனை நிமிர்த்திக்கிட்டிருந்தார்.

பிரேக் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கோன்லாம் டப்பு டப்புன்னு விழுற சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. அதுக்கு அப்புறம்தான் ஜனங்க கத்தினாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லாம இருந்துச்சே, அது எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியலை. காத்துகூட நின்ன மாதிரி இருந்துச்சு.

பைக்காரன் மணல்ல விழுந்து எந்திரிச்சு, வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போயே போயிட்டான். அட்டைப்பெட்டி மட்டும் அங்க கிடந்துச்சு. உள்ள ஐஸ் வெட்டுற மெஷினோட பல்லு சக்கரம். அதை யாரும் தேடி வரலை.

சாயங்காலம் கன்டெய்னர்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. சூப்பர்வைசரும், கம்பெனியிலிருந்து வந்த ரெண்டு பேரும். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "கம்பை பைக்காரன் கையிலதானே கொடுத்தே?"ன்னார். அப்படித்தான் கேட்டார். கேள்வியிலேயே பதிலை வச்சுக் கொடுத்தார். நான் ஆமான்னேன். கேட்டதுக்கு ஆமான்னு சொல்றது பொய்யா? நானா ஒண்ணும் சொல்லலையே. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்.

அப்புறம்தான் அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரிஞ்சுது. கம்பு பைக்காரன் கையிலன்னா, பைக் வந்து சேர்றதுக்கு முன்னாடியே, கம்பு வாங்காமலே அருளப்பன் வண்டியை விட்டிருக்கார்னு அர்த்தம். அவர் என் கையில கம்பு இருக்கு பாருங்கன்னு காட்டினார். விபத்து நடந்ததும் கம்போட ஓடி வந்திருந்தாருல்ல, அதனால அங்க விழுந்து கிடந்ததை எடுத்து வச்சுக்கிட்டுக் கதை விடுறார்னு சொல்லிட்டாங்க. மீன் வேன் நம்பர் யாருக்கும் தெரியாது. கன்டெய்னருக்கு வெளியே வந்து என் முன்னாடி நின்னார். "கனி, நீல வேனு பிள்ள. மீன் பெட்டி ஏத்தினது. நீதானே கொடுத்து விட்டே? சொல்லு பிள்ள"ன்னார். நான் போனைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்ப போன்ல நல்ல சார்ஜ் இருந்துச்சு.

அவரை நிறுத்திட்டாங்க. போலீஸ் கேஸ்ல லாரிக்காரனுக்கு அடுத்து அவர் பேரு. வாரா வாரம் ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்றார். அவர் நின்ன இடம் காலியா இருந்துச்சா, கம்பெனிக்காரங்க அதைத் தூக்கித் தங்கபுஷ்பம் அக்காவுக்குக் கொடுத்துட்டாங்க. புருஷன் செத்த ரோட்டுலயே கொடி பிடிக்கிற வேலை. அது எப்படி வந்து நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலை. நின்னுச்சு. நிக்குது.

இப்பப் பாருங்க, ஒரு நாளைக்கு நாப்பது தடவை இந்தக் கம்பு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போய்ட்டு வருது. இந்த ஒரு மாசத்துல நான் அதோட முகத்தைப் பார்த்ததே கிடையாது. அது கைச்சூடு மட்டும்தான் எனக்கு வரும். இல்லை, அது வெயில் சூடாகவும் இருக்கலாம். காலையில அது முனையில இறங்கிக்கும், நான் என் முனையில இறங்கிக்குவேன். நான்தான் எங்களை ஏத்திட்டு வர்ற கம்பெனி வேன் டிரைவர்கிட்ட முதல்லயே என்னை இறக்கி விடச் சொல்லிட்டேன். பயமெல்லாம் இல்லை. எனக்கு எதுக்குப் பயம்?

ஒண்ணுதான் இருக்கு. பலவேசம் அண்ணன் விழுந்த இடத்துல புதுசா தார் போட்டுட்டாங்க. நல்ல வழவழன்னு. மத்த இடத்துல ரோடு கரடுமுரடு. அதனால வண்டிங்க கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டே போகும், அந்த இடம் வந்ததும் ஒரு நொடி சத்தம் அப்படியே அடங்கும், மறுபடி கடகடன்னு ஆரம்பிக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் இங்கேயிருந்தே எனக்கு அது கேக்கும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டின்னு நினைக்கிறீங்க? அத்தனை தடவையும் அடங்கும். கம்பு என் கைக்கு வந்த பிறகு, கடைசி வண்டியும் போன பிறகு, இன்னொரு தடவை அடங்கும். பைக் சத்தம். கேட்டு முடிஞ்சாத்தான் நான் வண்டியை விடுவேன். இருபது எண்ணுவேன், சில நேரம் ஐம்பது, அதான் புகார். பைக் வரலைன்னு சொல்றாங்க. நின்னு கேட்டாத்தானே வரலைன்னு தெரியும். என்ன பார்க்கிறீங்க? பைத்தியம்லாம் இல்லை. எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. நீங்க வேணும்னா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பாருங்க.

கேக்கலையா? சரி.

நேத்து அருளப்பன் அண்ணன் தங்கபுஷ்பம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கார். வாசல்லயே நின்னு, தன் பொண்ணு தலையில கையை வச்சு, "கம்பு என் கைக்கு வந்த பிறகுதான் விட்டேன் தாயி"ன்னு சத்தியம் பண்ணியிருக்கார். பொண்ணு மூணாம் கிளாஸ். யூனிபார்மோட கூட்டிட்டுப் போயிருக்கார். அக்கா கதவைச் சாத்திருச்சாம். எங்க தெருக்காரப் பொம்பளைங்க காலையில குழாயடியில சொன்னாங்க. சாத்தின கதவுக்கு உள்ள இருந்து அது ராத்திரி பூரா யோசிச்சிருக்கும் போல. இப்ப லாரிக்காரர்கிட்ட கேட்டு விட்டுருக்கு.

அதனாலதான் அண்ணாச்சி, உங்களைப் பார்த்தா கண்ணியமான ஆளாத் தெரியுது. ஒரு உதவி பண்ணுங்க. வண்டியை ஓரமா ஒதுக்கிப் போடுங்க, மத்த வண்டியெல்லாம் போகட்டும், நீங்க கடைசியாப் போங்க. கம்பை நீங்க கொண்டு போங்க. அந்த அக்காகிட்ட கொடுத்துட்டு, "வேன்காரன் கையிலதான் கொடுத்துச்சாம். பைக்கைப் பின்னால விட்டது அந்தப் பிள்ளைதானாம்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். நீங்க யாரோ, அது யாரோ. சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.

என்ன? மாட்டீங்களா?

"எனக்கெதுக்கு வம்பு"ங்கிறீங்களா? இதுல உங்களுக்கு என்ன வம்பு? வாயைத் திறந்து ஒரு வரி சொல்றது வம்பா? பின்னால பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லட்டுமா, அவன் அதை பஸ் பூராப் பரப்பி, ஊர் பூராப் பரப்பிருவான். அந்த டெம்போக்காரன் குடிச்சிருக்கான். அதுக்குப் பின்னாடி நிக்கிற காரு, அதுல ஒரு பிள்ளை வாந்தி எடுக்குது.

அந்த அக்கா அழும்ல. நீங்க அதைப் பார்க்க முடியாதுங்கிறீங்க. நியாயம்தான். என்னாலயும் முடியாதுன்னுதானே உங்களை அனுப்பப் பார்த்தேன்.

சரி விடுங்க. இறங்குங்க கீழ. ஆமா, காரை விட்டு இறங்குங்க. இந்தச் சிவப்புக் கொடியைப் பிடிங்க. பிடிங்கன்னா பிடிங்க, கடிக்காது. நான் நடந்தே போறேன். எழுநூறு மீட்டர்தானே, பத்து நிமிஷம். கம்பு என் கையில இருக்கு, அதனால அந்தப் பக்கம் அக்கா ஒரு வண்டியையும் விடாது. கம்பு கைக்கு வராம அது விடவே விடாது, அது பலவேசம் அண்ணன் பொண்டாட்டி. இந்தப் பக்கம்தான் நீங்க பார்த்துக்கணும். நடு ரோட்டுல நில்லுங்க, ஓரத்துல நின்னா மதிக்க மாட்டாங்க. இந்தச் சட்டையைப் போட்டுக்கோங்க, மேல பளபளன்னு பட்டை இருக்கு, தூரத்துல வர்றவனுக்கும் தெரியும். கொடியை நெஞ்சுக்கு நேராப் பிடிங்க. சாய்க்காதீங்க.

என் வேலை போகுமா? போகும். இன்னும் என்னென்னமோ போகும். கையெழுத்துப் போட்டவ மேல கேஸ் போட முடியுமான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? என்ன படிச்சீங்க நீங்க.

அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன். கம்பு, வேன், பைக், கையெழுத்து எல்லாம். போன் சார்ஜ் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்னு பார்க்கிறேன். அது இதுல சேராது. சேருமா? நீங்க தலையை ஆட்டாதீங்க, எதுக்கு ஆட்டுறீங்கன்னே புரியலை. போகப் போக யோசிச்சுக்கிறேன். அந்தத் தார் போட்ட இடத்தைத் தாண்டுறதுக்குள்ள யோசிச்சிருவேன்.

பஸ்காரன் கத்துவான், கத்தட்டும். டெம்போக்காரன் இறங்கி வந்து கையைப் பிடிப்பான், நீங்க நகராதீங்க. அவங்களை எல்லாம் சமாளிச்சிரலாம். பைக்காரன்தான் அண்ணாச்சி கஷ்டம். அவன் கத்த மாட்டான். பக்கத்துல வந்து காலை ஊனி நின்னு, சாதாரணமா ஒண்ணு சொல்லுவான். ஒரு நிமிஷம்பான். அவசரம்பான். பார்க்கப் பாவமா இருக்கும், சொல்றது நிஜமாவும் இருக்கும். விட்டுறாதீங்க.

வளைவுக்கு அந்தப் பக்கம் நான் முதுகைக் காட்டிக்கிட்டு நடந்துக்கிட்டிருப்பேன்.